ரதி ஏறாத வேன்

பிள்ளையாரப்பனைக் கும்பிட்டுக்கொண்டு எழுதுகிறேன். பாடசாலை வேன் ஓட்டப் புதிதாக வந்திருக்கும் தம்பிமார்களுக்கும், இந்த வருஷம் நம்மோடு சேர்ந்திருக்கிற ஒரே தங்கச்சிக்கும் வணக்கம். நான் படித்தது ஏழாம் வகுப்பு. பொகவந்தலாவைப் பக்கத்திலிருந்து அட்டனுக்கு இருபத்திரண்டு வருஷம் பிள்ளைகளை ஏற்றி இறக்கினேன். முருகன் புண்ணியத்தில் ஒரு பிள்ளைக்கும் கீறல் விழவில்லை. ஆனால் அது வேனால் விழக்கூடிய கீறல். என் கையிலிருந்த போனால் ஒரு கீறல் விழுந்தது. அதைப் போட்டவன் நானேதான். அந்தக் கதையைச் சொன்னால் உங்களுக்கு உதவும் என்று தோன்றுகிறது. வளைவு, பனி, பிரேக் எல்லாம் நீங்கள் என்னைவிட நன்றாகப் பார்ப்பீர்கள்.

கதையில் சிரிப்புத்தான் அதிகம். சிரித்துக்கொண்டே படியுங்கள். அப்போது நான் சிரிக்கவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மாசி மாதம் காமன் கூத்து நடக்கும். உங்களில் பலருக்கும் தெரியும். கம்பம் ஊன்றி, காப்புக் கட்டி, தினமும் பொழுது சாயும்போது ரதியும் மன்மதனும் தப்பு மேளச் சத்தத்துக்கு ஆடி வருவார்கள். கடைசி நாளில் சிவன் மன்மதனை எரிப்பார். ரதி வேஷமும் ஆம்பளைதான் கட்ட வேண்டும். அது வேஷம் இல்லை, விரதம். அந்த வருஷம் ரதி கட்டியவன் எங்கள் வேனில் வரும் சுதர்சன். பதினாறு வயது. பதினோராம் வகுப்பு முடிவில் எழுதுகிற ஓ.எல். சோதனைக்கு நாலு வாரம் இருந்தது. அவனுடைய அப்பா கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறார். முந்தின வருஷம் அவர் படுக்கையில் கிடந்தபோது, எழுந்து நடந்தால் மகனை ரதியாக ஆட வைக்கிறேன் என்று அம்மா நேர்ந்துகொண்டார். அவர் எழுந்து நடந்தார். பையன் சேலை கட்டினான்.

மன்மதனாக ஆடியவர் ஃபெக்டரியில் வேலை செய்கிற, நல்ல தொப்பையுள்ள மனுஷன். கரும்பு வில்லைத் தூக்கிக்கொண்டு அவர் மூச்சு வாங்குகிறதைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். ஆனால் சுதர்சன் கம்பத்தைச் சுற்றி வந்து கையெடுத்த உடனே அத்தனை பேரும் வாயை மூடிவிட்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கண்ணில் தண்ணீர். உடனே போனை எடுத்து வீடியோ பிடித்தேன். வீட்டுக்கு வந்ததும் எங்கள் வேன் குரூப்பில் போட்டேன். பெற்றார், பிள்ளைகள், எல்லாரும் இருக்கிற குரூப். “எங்க வேன் புள்ள. ரதி தேவியே நேரா வந்த மாதிரி இருந்திச்சு” என்று எழுதி, பத்துக் கும்பிடும் ஏழெட்டுத் தாமரைப் பூவும் வைத்தேன். இன்னும் நாலு பூ வைத்திருப்பேன், விரல் வலித்தது.

எங்கள் வீட்டம்மா, அந்தப் பிள்ளையிடம் கேட்டீர்களா என்று ஒரு வார்த்தை கேட்டாள். தோட்டமே நின்று பார்த்ததைப் போடுவதற்கு என்ன கேள்வி என்று சொல்லிவிட்டேன்.

தம்பிமார்களே, இங்கேதான் பிழை. தோட்டத்தில் பார்த்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்கள். போனில் பார்த்தவர்கள் செருப்போடு பார்த்தார்கள்.

இரண்டாம் நாள் அந்த வீடியோ வேறு ஒன்றாகித் திரும்பி வந்தது. வேகத்தைக் கூட்டி, ஒரு குத்துப் பாட்டை ஏற்றி, பையனின் முகத்தை மட்டும் பெரிதாக்கி, கீழே ‘மாப்பிள்ளை தேவை’ என்று எழுதியிருந்தார்கள். யார் போட்டது என்று தெரியாத ஒரு கணக்கிலிருந்து கிளம்பி, அவனுடைய பாடசாலை முழுக்கச் சுற்றி, நோர்வூட் தாண்டி, மஸ்கெலியாவில் இருக்கிற என் மச்சினன் போன் வரைக்கும் போய்விட்டது. அவன் எனக்கே அனுப்பி, இது உங்கள் தோட்டத்துப் பையனா என்று கேட்டிருந்தான்.

திங்கட்கிழமை சுதர்சன் ஏறவில்லை. வயிற்று வலி என்றார்கள். செவ்வாய்க்கிழமையும் வயிற்று வலி. புதன்கிழமை அவனுடைய அம்மா பெரட்டுக்கு, காலையில் வேலை பிரிக்கிற இடத்துக்கு, போகிற வழியில், தலையில் கூடையுமாக ரோட்டில் நின்று வேனை மறித்தார். பையன் ரெண்டு நாளாகச் சாப்பிடவில்லையாம். சேலையை மடித்துக் கம்பத்தடியில் கொண்டுபோய் வைத்துவிட்டானாம். இனிப் பாடசாலையும் இல்லை, சோதனையும் இல்லை, வெள்ளிக்கிழமை காமன் எரிப்புக்கு அப்பா வந்தால் ஞாயிற்றுக்கிழமை அவரோடு கொழும்புக்குக் கடைக்குப் போய்விடுவேன் என்கிறானாம்.

“பத்து வருஷம் இந்த வேன்ல அனுப்பியிருக்கேன், அண்ணே. மூணு வாரத்துல முடிஞ்சிரும்னு பாத்தேன்,” என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மலைக்கு ஏறிவிட்டார். பெரட்டுக்கு நேரமாகிவிட்டதே.

எனக்கு வந்த கோபத்தை என்ன சொல்ல. கோபம் வந்தால் ஸ்டியரிங்கைப் பிடிக்கிறவன் முதலில் தண்ணி குடிக்க வேண்டும். நான் குடிக்கவில்லை. நேராகக் கீர்த்தனாவைத்தான் நினைத்தேன்.

கீர்த்தனா பத்தாம் வகுப்பு. வேனில் அவள் இருந்தால் ரேடியோ தேவைப்படாது. பாடசாலை அதிபர் நடக்கிறது, கணித டீச்சர் தும்முகிறது, நான் ஹோர்ன் அடிக்கிறது எல்லாவற்றையும் அப்படியே செய்து காட்டுவாள். அவளிடம் ஒரு வார்த்தை சொன்னால் ரெண்டாகத் திரும்பி வரும். சுதர்சனிடம் சொன்னால் உள்ளே போய்விடும், வெளியே வரவே வராது. இப்படி ரெண்டு விதமான பிள்ளைகளும் ஒரே வேனில் வருவார்கள். அடுத்தவரைக் கிண்டல் பண்ணுகிறவள் இவள்தானே, அப்போ இதையும் இவள்தான் செய்திருப்பாள் என்று கணக்குப் போட்டேன். வேனை ஓரம் கட்டி, இருபத்திரண்டு பிள்ளைகள் முன்னால் எழுப்பி நிறுத்திக் கேட்டேன்.

அவள் முகம் சிவந்து சொன்னாள்: “நான் நக்கல் பண்றதுன்னா மொகத்தப் பாத்துப் பண்ணுவேன், மாமா. ஒளிஞ்சிருந்து பண்ண மாட்டேன்.”

உட்கார்ந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அட்டன் வரைக்கும் வேனில் ஒரு சத்தமில்லை. பின் சீட்டில் உட்கார்ந்திருந்த டினேஷ் மட்டும், எப்போதும் போலக் கடைசியாக இறங்கி, “போய்ட்டு வர்றேன், மாமா” என்று கும்பிட்டு, கதவைச் சத்தம் வராமல் சாத்தினான். அவனைப் போல ஒழுங்கான பிள்ளை அந்த வேனில் இல்லை என்று நான் எத்தனையோ பெற்றாரிடம் சொல்லியிருக்கிறேன்.

கோபம் இன்னும் அடங்கவில்லை. வீட்டுக்கு வந்து குரூப்பில் ஒரு வொய்ஸ் போட்டேன். நாலு நிமிஷம். கோயிலில் பேசுகிற மாதிரி கம்பீரமாகப் பேசத்தான் ஆரம்பித்தேன். நடுவில் குரல் கீச்சென்று போய்விட்டது. பின்னால் பிரஷர் குக்கர் விசில் அடிக்கிறது. பக்கத்து லயத்து வீட்டுச் சேவல் வேறு கூவுகிறது. நானும் விடவில்லை. “யாருக்கும் தெரியாதுன்னு நெனைக்காதீங்கடா. மேல இருந்து முருகன் பாத்துக்கிட்டுத்தான் இருக்காரு. அவருக்கு டேட்டா தேவையில்ல,” என்று கத்தினேன்.

அரை மணித்தியாலத்தில் கீர்த்தனா அதைப் பாட்டாக்கிவிட்டாள். தப்பு அடி, குக்கர் விசில், சேவல், நடுநடுவே என் குரல்: அவருக்கு, அவருக்கு, அவருக்கு டேட்டா தேவையில்ல. கூடவே மயில் மேல் நான் உட்கார்ந்திருக்கிற படம். மயிலின் கையில் ஸ்டியரிங். சொன்ன வாக்கைக் காப்பாற்றித் தன் பேரிலேயே, நான் இருக்கிற குரூப்பிலேயே போட்டிருந்தாள். சொன்னால் நம்புவீர்களோ என்னவோ, முதலில் நானும் வீட்டம்மாவும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

என் வீடியோ எப்படி வெளியே போனதோ அதே வழியில் இந்தப் பாட்டும் போனது.

வியாழக்கிழமை காலையில் நோர்வூட்டில் ஆட்டோக்காரர்கள் வரிசையாக நின்று பாடினார்கள். பஸ் கண்டக்டர் ஒருவர் ஃபுட்போர்டில் தொங்கிக்கொண்டு மயில் மாதிரி தலையை ஆட்டினார். அட்டன் ஸ்டாண்டில் சிங்கள டிரைவர் ஒருவர், “மாமே, டேட்டா ஓனேத?” என்று, டேட்டா வேணுமா என்பதைச் சிங்களத்தில் கேட்டுவிட்டு, ஹோர்னைத் தப்பு மாதிரி அடித்தார். காலையில் சிரித்தேன். பத்து மணிக்குப் புன்னகை. பன்னிரண்டு மணிக்கு அதுவும் வரவில்லை. பெற்றோல் ஷெட்டில் முன்பின் தெரியாத ஒருவன் என்னை நிற்க வைத்து, ஒரு தரம் சொல்லிக் காட்டுங்கள் என்று போனை நீட்டினான். பாட்டுக்குக் கீழே ஆட்கள் எழுதியிருந்தவற்றை வாசித்தேன். வாசித்திருக்கக் கூடாது. என் பல்லைப் பற்றி நாற்பது பேர் எழுதியிருந்தார்கள். பல்லில் இவ்வளவு விஷயம் இருக்கிறது என்று எனக்கே தெரியாது.

பொழுது சாய சாமி படத்துக்கு முன்னால் விளக்கேற்றி, முருகா என்றேன். காதில் தப்பு அடித்தது. திரும்பவும் முருகா என்றேன். சேவல் கூவியது. அறுபது வருஷமாகச் சொல்லிவரும் பேர். அதைச் சொன்னதும் எனக்கே என்னைப் பார்த்துச் சிரிப்பு வருகிறது, அழுகையும் வருகிறது. கற்பூரத்தை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அம்மாவின் நேர்த்திக்காகச் சேலை கட்டின பிள்ளைக்கு என்ன நடந்தது என்று அப்போதுதான் விளங்கியது. அதுவரைக்கும் நான் அவனுக்காகக் கோபப்பட்டேனே தவிர, அவன் எங்கே நிற்கிறான் என்று பார்க்கவில்லை.

அன்றைக்குக் கம்பத்தடியில் மன்மதன் தனியாக ஆடினார். நாலு பக்கமும் ரதியைத் தேடித் தேடி ஆடி, கால் வலித்து, நடுவில் தேத்தண்ணி கேட்டார் என்று வீட்டம்மா வந்து சொன்னாள். நான் போகவில்லை. நாளைக்கு வேனை மருமகனை எடுக்கச் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மருமகனுக்கு வேறு வேலை. வெள்ளிக்கிழமை நானேதான் எடுத்தேன்.

சுதர்சன் ஏறும் இடத்தில் வழக்கம்போல வேகத்தைக் குறைத்தேன். பையன் நின்றிருந்தான். வீட்டு உடுப்புடன், கையைக் கட்டிக்கொண்டு. ரதிக்குத் தீட்டின புருவ மை இன்னும் முழுதாகப் போகவில்லை. என் பக்கத்து ஜன்னலுக்கு வந்தான்.

“மாமா, அடியில எழுதியிருக்கிறத வாசிக்காதீங்க. நான் வாசிச்சேன். அதான் எனக்குப் பிழையாப் போச்சு.”

வாசித்துவிட்டேன் என்றேன். பல்லைப் பற்றியா என்று கேட்டான். ஆமா என்றேன். அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான். பிறகு முடியவில்லை. குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மன்னிச்சுக்கங்க மாமா, நானே ஆறு தடவை கேட்டுட்டேன், அந்தச் சேவல் கூவுற இடம் வந்தா அடக்க முடியல என்றான். நாலு நாளாகச் சரியாகச் சாப்பிடாத பையன். வேனில் இருந்த அத்தனை பேரும் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த இடத்தில் நான் புத்திமதி சொல்லியிருக்கலாம். சிரிக்கிறவன் சிரிக்கட்டும், நீ படி என்று சொல்லியிருக்கலாம். எனக்கு ஊரே சிரித்தபோது அப்படிச் சொன்னவர்களை அடிக்கலாம் போல இருந்தது, அதனால் சொல்லவில்லை. இறங்கிப் போய் அவன் முன்னால் நின்றேன். ஒன்னக் கேக்காம அந்த வீடியோவப் போட்டது நான், அது என் பிழை என்றேன்.

“தெரியும் மாமா. யாரோ ஒருத்தன் சிரிச்சா சிரிச்சிட்டுப் போறான். நீங்க கும்பிடு போட்டு அனுப்பிட்டீங்க. ஒங்க மேல எப்படிக் கோவப்படுறது? அதான் வேனுக்கு வரல.”

அவனே தொடர்ந்தான். இன்னைக்கு எப்படி மாமா டவுனுக்குள்ள போவீங்க என்று கேட்டான். யோசித்துச் சொன்ன பதில் இல்லை இது, வாயில் வந்துவிட்டது: “தெரியலடா. தனியாப் போகப் பயமா இருக்கு.”

அவன் என்னைப் பார்த்தான். வேனைப் பார்த்தான். அஞ்சு நிமிஷம் என்றான். லயத்துப் படிகளில் இரண்டிரண்டாகத் தாவிப் போனான். நாலு நிமிஷத்தில் திரும்பி வந்தான், சட்டைப் பொத்தான் மாறிப்போட்டு, டை பாக்கெட்டில், கையில் காப்புக் கயிறு, ஒரு கையில் ரொட்டி. முன் சீட்டில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தான். பின்னால் இருந்து ஒரு சின்னப் பிள்ளை கை தட்டியது. மற்றவர்கள் அதை அடக்கினார்கள்.

நோர்வூட் வளைவில் ஆட்டோக்காரர்கள் தயாராக நின்றார்கள். வேனைக் கண்டதும் ஆரம்பித்தார்கள். சுதர்சன் ஜன்னலை ஏற்றப் போகிறான் என்று நினைத்தேன், முழுதாக இறக்கினான். அந்த நேரம் பின்னால் இருந்து சீட்டில் தப்பு அடி. கீர்த்தனா. ரெண்டு நாளாக என்னோடு பேசாத பிள்ளை. அவள் அடிக்க, மற்றப் பிள்ளைகள் ஒரே குரலில், அவருக்கு டேட்டா தேவையில்ல என்று பிடித்தார்கள். ஆட்டோக்காரர்களின் பாட்டு அதற்குள் அமுங்கிப்போனது. சுதர்சன் சேவல் கூவுகிற இடத்தில் கூவினான். நான் ஹோர்னை அடித்தேன். தம்பிமார்களே, தேவையில்லாமல் ஹோர்ன் அடிக்கக் கூடாது, தெரியும். அன்றைக்கு அட்டன் வரைக்கும் அடித்தேன். ஆட்டோக்காரர்களில் ஒருவர் பிறகு என்னிடம், உங்க வேனைப் பார்த்தால் இனி நாங்க பாடப்போறதில்ல, தோத்துட்டோம் என்றார்.

பாடாதவன் ஒருவன் இருந்தான். பாடசாலையில் எல்லாரும் இறங்கினதும் டினேஷ் வழக்கம்போலக் கடைசியில் வந்தான். கதவைச் சாத்தவில்லை. அதைப் பிடித்துக்கொண்டே நின்று, “மொத வீடியோவ வெட்டி ஒட்டினது நான்தான், மாமா,” என்றான்.

இருபத்திரண்டு வருஷத்தில் வேன் ஓடாமல் நிற்கும்போது நான் தடுமாறினது அந்த ஒரு தடவைதான். கீர்த்தனாவை எல்லார் முன்னாலும் எழுப்பி நிறுத்தின வாய்தான் எனக்கு. அதே வாயைத் திறந்தால் இவனும் நாளையிலிருந்து ஏறமாட்டான். ஏன் செய்தாய் என்று மட்டும் மெதுவாகக் கேட்டேன். அவனுக்கு ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை. அதைப் போட்ட நாளில்தான் வகுப்பில் எல்லாரும் அவனைச் சுற்றி நின்று பார்த்தார்களாம். அவன் போட்டது என்று தெரியாமலேயே, வா டினேஷ், இதப் பாரு என்று கூப்பிட்டார்களாம்.

இரண்டு வருஷமாக அந்தப் பையனுக்கு யாரும் வேனில் இடம் பிடித்து வைத்ததில்லை. நான் கவனித்தேனா? இல்லை. சத்தம் போடவில்லை, சண்டை போடவில்லை, கும்பிட்டு இறங்கினான், அதனால் அவனை மறந்துவிட்டேன். தொந்தரவு செய்கிற பிள்ளையை நாம் எப்படியும் பார்ப்போம். தொந்தரவே செய்யாத பிள்ளையையும் தினம் ஒரு தடவை பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். இது நான் காசு கொடுத்துப் படித்தது இல்லை, ஆனால் விலை அதிகம்.

நான் யாரிடமும் சொல்லமாட்டேன், சுதர்சனிடம் நீயே சொல் என்றேன். (இப்போது எழுதுவது அந்தப் பிள்ளைகளைக் கேட்டுவிட்டுத்தான்.) இடைவேளையில் சொல்லியிருக்கிறான். சுதர்சன் அவனோடு ஒரு வாரம் பேசவில்லை. பிறகும் பெரிய சிநேகிதம் என்றில்லை. ஆனால் டினேஷ் அந்த வீடியோவை எடுத்துவிட்டு, அதை வைத்திருந்தவர்களிடம் ஒவ்வொருவராகச் சொல்லி அழிக்க வைத்தான். கீர்த்தனாவிடம் நான் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். எல்லார் முன்னாலும்தானே குற்றம் சாட்டினேன். அவள் நான் மன்னிப்புக் கேட்கிற மாதிரி அன்றைக்கு மாலையே செய்து காட்டினாள்.

மாலையில் ரதி ஆடினான். மன்மதன் அவனைக் கண்ட சந்தோஷத்தில் வில்லைக் கீழே போட்டுவிட்டார். அப்பா கொழும்பிலிருந்து வந்து கம்பத்துக்கு எதிரே நின்று பார்த்தார். நான் போனை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா கொழும்புக்குத் திரும்பினார். அட்டன் ஸ்டேஷன் வரைக்கும் நான்தான் கொண்டுபோய் விட்டேன். ஏறும்போது அவர் கையில் இரண்டு பை இருந்தது. ஒன்றில் அவருடைய துணி. மற்றது புதுப் பை, விலைச் சீட்டுக்கூடக் கழற்றவில்லை. மகன் கூட வருவான் என்று அவன் உடுப்புக்காக வாங்கி வந்தது. ஸ்டேஷனில் இறங்கி, அந்தக் காலிப் பையை நாலாக மடித்துத் தன் பைக்குள் திணித்து, ஜிப்பை இழுத்துப் பூட்டினார்.

“சோதனைக்குப் பதினெட்டு நாள் இருக்குங்க,” என்றார். “அது முடியிற வரைக்கும் நீங்கதானே ஓட்டுவீங்க?”

“நான்தாங்க.”

“அவன் ஒங்க பக்கத்துலதான் ஒக்காருவேங்கிறான். ஒங்கள டவுனுக்குள்ள தனியா விட முடியாதாம்.”

ரயில் வந்துவிட்டது. அவர் சிரித்துக்கொண்டே ஏறினார்.